பஸ்ஸைக் கண்டால் நிற்கும் குதிரை

மும்பை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டிக்குள்ளிருந்து ஊதா நிறத்தில் பின்னிய ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தொப்பி."

"யாருக்கு?"

"குதிரைக்கு."

அதில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காதுறைகளுக்குள்ளும் விரலை விட்டுத் துழாவினார். உள்ளே ஒன்றும் இல்லை. தங்கம் கடத்துகிறவள் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்வாள் என்று நினைத்திருக்க வேண்டும். பெட்டியை மூடிப் போகச் சொல்லிவிட்டார்.

நான் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன். அங்கே எங்களை டிரைவர் என்று சொல்வதில்லை, பஸ் கேப்டன் என்பார்கள். கப்பல் ஓட்டுகிறவளைப் போல ஒரு மிதப்பு எனக்கு இருப்பதாக என் கணவர் சொல்வார். இருக்கட்டுமே. அக்கா ரெஜினாவின் மகள் ஷெரினுக்குக் கல்யாணம். அக்கா வாக்கப்பட்டது தாராவியில். அத்தான் ஜெபமணி அங்கே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கிளம்புவதற்கு முன்னால் அத்தான் போனில் கேட்ட ஒரே சாமான், "ஒரு குதிரத் தொப்பி."

தாராவி வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை எடுத்துக் கொடுத்தேன். அத்தான் விரித்துப் பார்த்தார். தலையில் வைத்துப் பார்த்தார். இரண்டு காதுறைகளும் மேலே நட்டுக்கொண்டு நின்றன.

"என்னட்டி இது?"

"நீங்க கேட்ட குதிரைத் தொப்பி."

"ஏ கோட்டிக்காரி! குதிர போடுத தொப்பி இல்லட்டி. குதிர வண்டி ஓட்டுதவன் போடுத தொப்பி! விழுந்தா மண்ட ஒடயாம இருக்க!"

அக்கா அடுப்படியிலிருந்து, "அந்த மண்டைக்கு இதே போதும்" என்றாள்.

அப்போதுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. இந்த ஊரில் முன்பெல்லாம் கடற்கரைப் பக்கம் சவாரி போன குதிரை வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அப்படி நின்றுபோன வண்டி ஒன்றைச் சில தமிழர்கள் சேர்ந்து வாங்கி, செம்பூரில் குதிரை வண்டி ஓட்டும் கிளப் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். ரோட்டில் ஓட்டுவதில்லை, ஒரு வளாகத்துக்குள்ளேயே ஓட்டுவது. வண்டியின் சீட்டைத் தைத்துக் கொடுக்கப் போன அத்தான், தைத்த சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதோடு சரி, இறங்கவில்லை.

இப்போது அவருக்கு ஒரே ஆசை. கல்யாணத்தன்று மகளைக் கோயிலின் வெளிவாசலிலிருந்து உள்ளே படிக்கட்டு வரை தன் கையால் குதிரை வண்டி ஓட்டிக் கூட்டிப்போக வேண்டும். மொத்தமே கூப்பிடு தூரம்தான். ஷெரின் சரி என்றாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். கிளப்பின் பாதுகாப்புத் தேர்வில் அப்பா பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் கார்.

"பப்பா எல்லாத் தடவையும் ஃபெயில் சித்தி" என்றாள் ஷெரின். பம்பாயில் பிறந்த பிள்ளை. தமிழ் பேசும், எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். "கல்யாணத்துக்கு முந்தி ஒரே ஒரு டெஸ்ட்தான் பாக்கி. இதுலயும் ஃபெயில்னா கதம், முடிஞ்சுது. கார்லதான் போவேன். நான் ஹாஸ்பிட்டல்ல வேலை பாக்குறேன், எலும்பு முறிஞ்சு வர்றவங்கள டெய்லி பாக்குறேன்."

"ஏன் ஃபெயில்?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "குதிரைக்கு பஸ்ஸுன்னா பயம். பஸ் வந்தா அதுக்கு முன்னால போயி நட்டுக்கிட்டு நிக்கி. நான் என்ன செய்ய?"

பஸ் என்றதும் என் முதுகு நிமிர்ந்தது. "நான் பாத்துக்கிறேன் அத்தான்" என்றேன். பயணம் போன இடத்தில் சும்மா இருக்கத் தெரியாதது எங்கள் குடும்ப வியாதி.

மறுநாள் காலை மாட்டுங்காவில் வகுப்பு. கிளப்பின் செயலாளரும் பாதுகாப்பு அதிகாரியும் ஒருவரே, வைத்தியநாதன் சார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் நடக்கக்கூடிய விபத்துகளையெல்லாம் அவர் ஏற்கெனவே மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டார் என்று அத்தான் சொன்னார்.

அத்தான் முன்னாலேயே போய்விட்டதால் நான் தனியாக ஆட்டோ பிடித்தேன். சயான் பக்கம் ஓர் இடத்தில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, கையை விரித்தார். எனக்கு ஹிந்தி தெரியாது. அவருக்கு என்னுடைய எந்த பாஷையும் தெரியாது. பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தமிழில் சொன்னாள்: "ஆட்டோ இதோட சரிக்கா. இதுக்கு அங்கிட்டு டாக்ஸிதான்." ரோட்டில் கோடு ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்டோக்காரருக்கு அது தெரிகிறது, லட்சுமணன் போட்ட கோடு மாதிரி தாண்ட மாட்டேன் என்கிறார். சிங்கப்பூரில் கோடு போட்டு, பலகை வைத்து, கேமராவும் வைத்தால்தான் நிற்கிறோம்.

மாட்டுங்காவில் இட்லி, அதற்கு மேல் ஒரு ரச வடை, அதற்கும் மேல் ஒரு டிகிரி காபி. எங்கள் ஊர் உணவுக்கடைகளில் இட்லி என்று ஒன்று தருவார்கள். அதை இனி அந்தப் பெயரால் கூப்பிட மாட்டேன்.

வைத்தியநாதன் சார் தன் குடியிருப்பின் முற்றத்தில் விசிலோடு நின்றிருந்தார். வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளை சாக்ஸ், நெற்றியில் விபூதி. அத்தான் என்னை அறிமுகப்படுத்தியதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பஸ் கேப்டனா! வாங்கோ, வாங்கோ. இங்கே எல்லாரும் அமெச்சூர். ஒரு புரொஃபஷனல் வந்திருக்கேள், ரொம்ப சந்தோஷம். குதிரையா இருக்கேளா?"

"என்ன?"

"இன்னைக்குக் குதிரை கிடையாது கேப்டன். குதிரை நாளைக்குத்தான் டெம்போல வரும். இது டிரை கிளாஸ். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் குதிரையா இருக்கணும். உலகம் பூரா இப்படித்தான் சொல்லிக் கொடுக்கறா."

கைக்கொரு கடிவாள வாராகப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்களின் மறுமுனை பின்னால் நின்ற அத்தான் கையில். முற்றத்தில் ஆரஞ்சுக் கூம்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எலுமிச்சம்பழம். கூம்புகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். பழம் விழுந்தால் மார்க் குறையும். அத்தான் "சல்" என்றார், நான் நடந்தேன். இடப்பக்கம் வார் இழுபட்டது. நான் பழக்க தோஷத்தில் இடக்கையை நீட்டிச் சைகை காட்டித் திரும்பினேன். வார் நழுவி, அத்தான் தடுமாறி, இரண்டு எலுமிச்சம்பழங்கள் உருண்டன.

விசில் பறந்தது. "கேப்டன்! குதிரை கை காட்டப்படாது!"

மாடியிலிருந்து ஒரு மாமி, "ஏன்னா, அந்தப் பொண்ணுக்கு மோர் தரட்டுமா, கொள்ளு தரட்டுமா?" என்று கேட்டாள். மோர் வந்தது. குதிரையாகவே நின்று குடித்தேன்.

பாதுகாப்பு விதிகளை வைத்தியநாதன் சார் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தார். ஓட்டுகிறவர்தான் முதலில் ஏற வேண்டும், கடைசியில் இறங்க வேண்டும். வண்டியில் பூட்டியிருக்கும்போது குதிரையின் கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. ஆள் இல்லாமல் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பின்சீட்டில் எப்போதும் உதவிக்கு ஒருவர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவரே கண்டுபிடித்த தங்க விதி: ஆபத்து எதைக் கண்டாலும் யார் கண்டாலும் அதன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். நாய் வந்தால் நாய். ஸ்கூட்டர் வந்தால் ஸ்கூட்டர். வெறுமனே ஐயோ அம்மா என்று கத்துவதில் தகவல் இல்லை என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த நாள் செம்பூர். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி மாற வேண்டும். லேடீஸ் பெட்டியில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதும் சரியில்லை, ஏற்றப்பட்டேன். குர்லா வந்ததும் இறங்குவதற்காக, எங்கள் ஊர் வழக்கப்படி, "எக்ஸ்கியூஸ் மீ" என்றேன். அந்தச் சொல்லை அந்தப் பெட்டியில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஏறுகிற கூட்டம் என்னைத் திரும்ப உள்ளே தள்ளி, எதிர்ச் சுவரில் ஒட்ட வைத்தது. காட்கோபரில் இறங்கினேன். பட்டாணி உரித்துக்கொண்டே வந்த ஒரு அம்மாள் இறங்கும்போது என்னிடம் ஏதோ அறிவுரை சொன்னாள். பக்கத்திலிருந்த பெண் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள்: "இறங்குகிற ஸ்டேஷனில் எழுந்திருக்கக் கூடாதாம். அதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே சண்டையைத் தொடங்க வேண்டுமாம்."

ஒருவழியாகச் செம்பூர் போய்ச் சேர்ந்தபோது பசி. அங்கே சிந்திக்காரர்கள் கடையில் தால் பக்வான் என்று ஒன்று. தட்டை மாதிரி மொறுமொறுப்பாக, ஆனால் தட்டு அகலத்தில். அதோடு பருப்பு. தட்டையை உடைத்துப் பருப்பில் போட்டுச் சாப்பிடும்போது சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. கல்யாண வீட்டுக்கு ஏற்ற சாப்பாடு.

கிளப் இருக்கும் வளாகம் உண்மையில் பள்ளிக்கூட பஸ்கள் நிறுத்தும் இடம். காலையில் பஸ்கள் கிளம்பிப் போன பிறகு, மத்தியானம் திரும்பி வருவதற்குள் கிளப்புக்கு இடம் விடுகிறார்கள். குதிரையின் பெயர் பிஜ்லி. மின்னல் என்று அர்த்தமாம், கரண்டுக்கும் அதுதான் பெயராம். சாம்பல் நிறம், தொங்கிய கீழுதடு, உலகத்தையே சலித்துப்போன ஒரு பார்வை. சிங்கப்பூரில் கடைசி டிரிப்பில் என் முகம் அப்படித்தான் இருக்கும். பார்த்தவுடனே பிடித்துவிட்டது. என் ஊதாத் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். காதுகள் சரியாகப் பொருந்தின. உடனே தலையை ஒரு உதறு உதறி, அதைக் கழற்றித் தின்னப் பார்த்தது.

அதன் தலைமாட்டில், தீவன வாளிக்கு மேலே, ஒரு மஞ்சள் பஸ்ஸின் பெரிய படம் மாட்டியிருந்தது.

"அது எதுக்கு?" என்றேன்.

"பயம் தெளிய" என்றார் வைத்தியநாதன் சார். "சாப்பிடறச்சே பஸ்ஸைப் பார்த்துண்டே சாப்பிட்டா சிநேகம் ஆயிடும் இல்லையா? மாசக்கணக்கா டிரீட்மென்ட் நடக்கறது. ஒரு பஸ் டிரைவரை வரவழைச்சு அவர் கையால கேரட் கொடுக்கச் சொன்னோம். கேரட்டைத் தின்னுடுத்து. பயம் மட்டும் போகலை."

கிளப்பில் இன்னொரு முக்கியமான உறுப்பினர் பொன்ராஜ், தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். அவர் ஒருபடி மேலே போய், பிஜ்லியை ஒரு பஸ்ஸுக்குள் ஏற்றிக் காட்டலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். பஸ் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை.

குதிரைக்குச் சொந்தக்காரர் ஷிண்டே காகா, தடித்த மீசைக்காரர். வண்டியைப் பூட்டினார்கள். விதிப்படி அத்தான் முதலில் ஏறினார். தலையில் கட்டட வேலைக்காரர்களின் மஞ்சள் தொப்பி, நான் வாங்கி வராததற்குப் பதிலாக. நான் பின்சீட்டில். "சல்" என்றதும் பிஜ்லி கிளம்பியது. அதுவரை நான் நினைத்திருந்ததைவிட அத்தான் நன்றாகவே ஓட்டினார். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனோம். ஒரே ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து சக்கரத்தில் நசுங்கியது. "புது வண்டி எடுத்தாப்ல ஆச்சு" என்றார் பொன்ராஜ்.

கூடவே நடந்து வந்த ஷிண்டே காகா என்னைக் காட்டி ஏதோ கேட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கிறார் என அத்தான் சொல்லிவிட்டு, பெருமையாக அவரிடம் திரும்பி, தமிழிலேயே சொன்னார். "நம்ம கொழுந்தியா சிங்கப்பூர்ல பஸ் ஓட்டுதா."

பிஜ்லி நின்றது. என் மூக்கு அத்தானின் மஞ்சள் தொப்பியில் மோதியது.

வளாகத்தில் ஒரு பஸ்கூட இல்லை. "சல், சல்" என்றார் அத்தான். கிளம்பியது.

"டபுள் டெக்கர் பஸ்ஸா கேப்டன்?" என்று வைத்தியநாதன் சார் தூரத்திலிருந்து கேட்டார்.

நின்றது. மறுபடியும் மூக்கு.

"பாத்தியா, பேரைக் கேட்டாலே பயப்படுது" என்று அத்தான் உருகினார். "பாவம், வாயில்லா ஜீவன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தொழிலைச் சொன்னால் நிற்கிற குதிரையை நான் பார்த்ததில்லை. "அத்தான், வண்டிய நிறுத்த நீங்க என்ன சொல்லுவீங்க?"

"பஸ்."

"என்ன பஸ்?"

"பஸ்னா ஹிந்தில போதும்னு அர்த்தம்ட்டி. போதும், நில்லுன்னு."

"சரி. எதிர்ல பஸ் வந்தா என்ன சொல்லிக் கத்துவீங்க?"

"பஸ்னுதான் கத்துவோம். தங்க விதி இருக்குல்லா."

நான் காத்திருந்தேன். அத்தான் முகத்தில் ஒன்றும் விடியவில்லை. வைத்தியநாதன் சார் முகத்திலும் இல்லை. இத்தனை வருஷமாக இரண்டு பாஷையிலும் புழங்கி, இரண்டு சொல்லையும் தனித்தனியாகவே காதில் வாங்கிப் பழகியவர்கள். ஹிந்தி தெரியாத எனக்கும் குதிரைக்கும்தான் இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது.

"பஸ் வர்றப்போ எல்லாரும் சேந்து குதிரைய நில்லுன்னு கத்துறீங்க!" என்றேன். "அது பஸ்ஸுக்கு முன்னால நிக்குது! பயம் இல்ல, கீழ்ப்படிஞ்சு நிக்குது!"

"அது வேற பஸ், இது வேற பஸ்" என்றார் அத்தான்.

"ஸ்பெல்லிங்கே வேற!" என்றார் வைத்தியநாதன் சார். "ஒண்ணுக்கு யூ, ஒண்ணுக்கு ஏ!"

"குதிரை என்ன கான்வென்ட்லயா படிச்சுது?"

பொன்ராஜ் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஷிண்டே காகாவுக்கு விளக்கிச் சொன்னபோது, அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை அத்தான் எனக்கு மொழிபெயர்த்தார்: "என் குதிரைக்குப் பைத்தியம் என்று டாக்டரைக் கூப்பிடப் பார்த்தேனே, பாவிகளா!" வைத்தியநாதன் சார் மட்டும் போய், பஸ் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது. நிறுத்தும் சொல்லை மாற்ற முடியுமா? முடியாது என்றார் ஷிண்டே காகா. அதற்கு வயதாகிவிட்டது, இனிப் புதுப் பாடம் படிக்காது. காதுறைத் தொப்பியைப் போட்டுக் காதை மூடலாமா? மூடினால் நிறுத்தச் சொல்வதும் கேட்காது. அப்படியானால் மனிதர்கள்தான் மாற வேண்டும். பஸ்ஸுக்கு வேறு பெயர் வேண்டும். "பெரிய வண்டி" என்றார் ஒருவர். லாரி வந்தால்? "மோட்டார்" என்றார் இன்னொருவர். அப்போது நான்தான் சொன்னேன்: "பேருந்து."

பம்பாய்த் தமிழர்கள் அந்தச் சொல்லைப் புதிதாக வாங்கிய கைக்கடிகாரம் மாதிரி ஆளுக்கொரு முறை போட்டுப் பார்த்தார்கள். பேருந்து. பேருந்து. பொன்ராஜ், "சொல்லி முடிக்கதுக்குள்ள பஸ் கல்யாண் ஸ்டேஷனுக்கே போயிரும்" என்றார். தூரத்தில் பிஜ்லி நின்ற இடத்திலேயே இன்னொரு முறை நின்றது. தேர்வு மறுநாள் என்பதால் வேறு வழியில்லை, தீர்மானம் நிறைவேறியது.

அன்று சாயங்காலம் தாராவி வீட்டில் அத்தான் மாவுப் பாத்திரத்துக்கும் பூப் பந்தலுக்கும் நடுவே நடந்துகொண்டே பேருந்து, பேருந்து என்று உருப்போட்டார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏட்டி, இந்த மனுசன் நாளைக்கு ஃபெயிலாயிட்டா உடஞ்சு போயிருவாரு. ஷெரின் பெறந்தப்ப ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு டாக்ஸில கூட்டிட்டு வந்தோம். அப்ப டிரைவர்கிட்ட மெல்லப் போ மெல்லப் போன்னு சண்டை போட்டு, அந்த ஆளு எங்கள நடுரோட்டுல எறக்கி விட்டுட்டான். மிச்ச தூரம் இவருதான் தூக்கிட்டு வந்தாரு." அக்கா எப்போதும் கேலியாகத்தான் பேசுவாள். அன்று கேலி இல்லை.

தேர்வு நாள். ஷெரினும் லீவு போட்டு வந்திருந்தாள், கையில் அன்று காலை போட்டு இன்னும் காயாத மருதாணியோடு. கூம்புகளைச் சுற்றி வர வேண்டும், திரும்பி வரும் பள்ளிக்கூட பஸ் ஒன்றைக் கடந்து போக வேண்டும், கடைசியில் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். நான் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பஸ் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தது. வாசல் பக்கம் காவல் நின்றவர் பொன்ராஜ். மஞ்சள் பஸ் உள்ளே திரும்பியதும் அவர் கையை உயர்த்தி, முழு மூச்சையும் திரட்டி, "பே..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சொல் வரவில்லை. "பே! பே! பேய்! பேய்!"

தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் ஓட்டம் பிடித்தார்கள். பஸ் டிரைவர் பிரேக் அடித்து, எட்டிப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிஜ்லி மட்டும் காதைக்கூட அசைக்கவில்லை. பேய் என்ற சொல்லுக்கு அதன் படிப்பில் அர்த்தமே இல்லை. டக், டக் என்று பஸ்ஸின் பக்கவாட்டில் கடந்து போனது. ஜன்னல் வழியாக ஓர் ஆயா கையசைத்தாள். கோட்டை நெருங்கியதும் அத்தான் "பஸ்" என்றார், பிஜ்லி நின்றது. விதிப்படி என்னையும் இறக்கிவிட்டு, கடைசியாகத்தான் இறங்கினார். இறங்கியவர் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேய் என்று கத்தியது விதி மீறலா என்பது வைத்தியநாதன் சாருக்கு உறுத்தலாக இருந்தது. பிறகு, "அது காவல்காரரோட தப்பு. ஓட்டினவரோடது இல்லை" என்று தீர்ப்புச் சொல்லி விசில் ஊதினார். பாஸ்.

ஷெரின் ஓடிவந்து மருதாணிக் கையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "ஏ, சட்ட, சட்ட!" என்று கத்தினார் அத்தான், ஆனால் விலகவில்லை.

கல்யாண நாள் காலை கோயிலுக்கு முன்னால் வண்டி நின்றது. வாசலிலிருந்து படிக்கட்டு வரை ஒரு வட்டமான பாதை, நடுவில் ஒரு சின்னத் தோட்டம். படிக்கட்டில் மாப்பிள்ளை டேனியல் கோட்டு சூட்டில் வேர்த்துக்கொண்டு நின்றான். சான்பாடா பையன். கடற்கழியைத் தாண்டினால் ரயிலில் கொஞ்ச நேரம்தான், ஆனால் அக்கா முந்தின நாளிலிருந்து அதை ஆப்பிரிக்கா மாதிரிப் பேசிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் கடிகாரம் பார்த்தார். ஆர்கன் தொடங்கிவிட்டது.

அத்தான் முதலில் ஏறினார். ஷெரின் வெள்ளைச் சேலையில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். உதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்ற விதிப்படி அவள் பக்கத்தில் நான். "சல்" என்றார் அத்தான். கிளம்பினோம். வட்டத்தில் பாதி வந்தாயிற்று. படிக்கட்டு நெருங்கியது. டேனியல் கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

வண்டி நிற்கவில்லை. டேனியலின் நீட்டிய கையைத் தாண்டிப் போனோம்.

"ஹால்ட்! ஜெபமணி, ஹால்ட்!" வைத்தியநாதன் சார் விசிலோடு கூடவே ஓடிவந்தார். பட்டு வேட்டி தடுக்கியது.

"நிக்க மாட்டேங்கு சார்!" என்றார் அத்தான், திரும்பிப் பார்க்காமல்.

கோயில் முழுக்கப் பரபரப்பு. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குதிரை மிரண்டுவிட்டது என்று யாரோ கத்தினார்கள். மிரண்ட குதிரை அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. நான் அத்தானின் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஷெரின் என் கையை அழுத்திப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. "விடுங்க சித்தி" என்றாள் மெதுவாக. "இன்னொரு சுத்து போட்டும்."

இரண்டாவது முறையும் படிக்கட்டைத் தாண்டிப் போனோம். டேனியல் இந்தத் தடவை கையை நீட்டவில்லை, ஏதோ புரிந்தவன் போல ஓரமாக நகர்ந்து வழிவிட்டான். சான்பாடாக்காரர்கள் இது திருநெல்வேலி வழக்கம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போனில் படம் எடுத்தார்கள். வைத்தியநாதன் சார் ஓடுவதை நிறுத்தி, விசிலை வாயிலிருந்து எடுத்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது முறை படிக்கட்டு வந்தது. அத்தானின் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை. பிஜ்லிக்குக் கேட்டது.